மனசைத் திடப்படுத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கேள்வி இதுதான்: பெரிய விபத்து, வன்முறை, போர், பேரிடர், நெருங்கியவரின் திடீர் மரணம் போன்றவற்றில் சிக்கியவர்கள் பிழைத்து எழுந்து வருவதற்கு மனவலிமை எவ்வளவு முக்கியம்? கூடவே ஒரு துணைக்கேள்வியும் இருந்தது. ஒரே விபத்தில் மாட்டிய இரண்டு பேரில் ஒருவர் மூன்று மாதத்தில் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் இரண்டு வருடம் கழித்தும் வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார், அப்படியானால் இரண்டாமவர் பலவீனமானவரா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. முதல் கேள்விக்கு, முக்கியம்தான், ஆனால் நம்மில் பலர் மனவலிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிற விஷயங்கள் (அழாமல் இருப்பது, அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது, மறுநாளே ஒன்றும் நடக்காதது போல் வேலைக்குக் கிளம்புவது) பல சமயம் குணமாவதைத் தள்ளிப்போடுகிற விஷயங்கள். உண்மையில் உதவுகிற மனவலிமை வேறு மாதிரி இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் அது பலவீனம் போலக்கூடத் தெரியும். அதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

சம்பவம் நடக்கும் அந்த நிமிடத்திலிருந்து தொடங்கலாம். ஆபத்து வரும்போது நாம் யோசித்து முடிவெடுக்கிறோம் என்று நினைக்கிறோம், அப்படி நடப்பதில்லை. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. நிதானமாக எடைபோடுகிற முன்மூளை விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கு முன்பே அது உடம்பை முடுக்கிவிடும். அட்ரினலின் பாயும், இதயம் அடித்துக்கொள்ளும், பிறகு கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் ஏறும். எதிர்த்து நிற்பது, ஓடுவது, உறைந்துபோவது, இந்த மூன்றில் எது நடக்கும் என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் பலர் கை கால் அசையவில்லை, குரலே வரவில்லை என்று சொல்வார்கள். விலங்குகளிடமும் இதே உறைநிலை உண்டு, தப்பிக்க வழியே இல்லாதபோது உடம்பு தானாகப் போய் விழுகிற நிலை அது. விருப்பத்துக்கோ சம்மதத்துக்கோ கோழைத்தனத்துக்கோ அதில் இடமே இல்லை. ஆனாலும் 'ஏன் நீ கத்தவில்லை?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, பாதிக்கப்பட்டவரே பல வருடம் தன்னை அந்தக் கேள்வியால் குத்திக்கொண்டிருப்பார். அந்த நொடியில் உடம்பு செய்ததற்கு மனவலிமை அளவுகோல் வைக்காதீர்கள், உங்களுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியென்றால் ஆபத்துக்குள் மனதுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அந்த வேலை பெரும்பாலும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பேரிடரில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் லீச் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சொல்வது, பெரும்பாலானவர்கள் சினிமாவில் வருவது போல அலறியடித்து ஓடுவதில்லை, திகைத்துப்போய் அப்படியே நிற்கிறார்கள் என்பதுதான். புதிய சூழ்நிலையை மூளை புரிந்துகொண்டு புதிய திட்டம் போட நேரம் பிடிக்கும், அந்த நேரம் அங்கே கிடைக்காது. ஏற்கெனவே பழகிய ஒரு செயல் கைவசம் இருந்தால் மட்டும் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இதற்கு ஒரு கண்கூடான உதாரணம் உண்டு. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்துக்குப் பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு, இன்னொரு தாக்குதல் வரும் என்று நம்பி, ஊழியர்களைப் படிக்கட்டில் இறங்கப் பலமுறை ஒத்திகை பார்க்க வைத்தார், வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தவர்களையும் விடவில்லை. அன்றைக்கு அந்த நிறுவனத்தின் சுமார் 2,700 ஊழியர்களில் மிகச் சிலரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களைத் தேடி மறுபடி மேலே போன ரெஸ்கோர்லா திரும்பவில்லை. அந்த ஊழியர்கள் எல்லோரும் பிறவியிலேயே நெஞ்சுரம் மிக்கவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தப் படிக்கட்டு, எந்தப் பக்கம், யாருக்குப் பின்னால் என்பது அவர்கள் காலுக்குத் தெரிந்திருந்தது.

ஒத்திகைக்கு வாய்ப்பே இல்லாத நீண்ட துன்பம் என்று ஒன்று இருக்கிறது: சிறை, கடத்தல், வருடக்கணக்கான வீட்டு வன்முறை. அங்கே தாக்குப்பிடித்தவர்கள் சொல்வதைக் கேட்டால் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் முகம் கழுவுவது, மனதுக்குள் கணக்குப் போடுவது, ஒரு பகுதியைக் கூட்டிச் சுத்தம் செய்வது. கேட்பவருக்கு 'இதுவா மனவலிமை?' என்று தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் ஆழமான ஓர் ஆராய்ச்சிக் கதை இருக்கிறது. 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள் (இன்றைக்கு அப்படிச் செய்ய அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகம்தான்). என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைப் பட்ட நாய்கள், பிறகு எளிதாகத் தப்பிக்க வழி இருந்தபோதும் தப்பிக்க முயலாமல் படுத்துவிட்டன. 'நம்மால் எதுவும் ஆகாது' என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள், உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறியது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், மூளையைப் பற்றிய புதிய தகவல்களை வைத்து அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். நீண்ட வேதனையில் சோர்ந்து படுத்துவிடுவது பாலூட்டி மூளையின் இயல்பான நிலை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது மற்றொன்று: 'நான் செய்வதால் ஏதோ ஒன்று மாறுகிறது' என்ற உணர்வு. அந்த உணர்வு வந்தால் முன்மூளையின் ஒரு பகுதி, சோர்வை உண்டாக்கும் அடிமூளைப் பகுதியை அடக்குகிறது. முன்பே இப்படிக் கட்டுப்பாட்டை அனுபவித்திருந்த விலங்குகள் அடுத்த அதிர்ச்சியையும் நன்றாகத் தாங்கின.

எனக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது பழியைத் தூக்கிவிடுகிறது. படுத்துவிட்டவர் எதையும் தவறாகக் கற்றுக்கொள்ளவில்லை. எழுந்திருப்பதற்கு அவருக்கு வேண்டியது வீர உரை இல்லை, தன்னால் மாற்ற முடிகிற ஒரு சின்ன விஷயம். இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுவது, எந்த அறையில் படுப்பது, யாரைப் பார்ப்பது யாரைப் பார்க்க வேண்டாம் என்பது போல. குடும்பத்தினர் அன்பின் பேரில் எல்லா முடிவையும் தாங்களே எடுத்துக்கொண்டு, 'நீ ஒன்றும் யோசிக்காதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அவரிடமிருந்து ஏற்கெனவே பறிபோன கட்டுப்பாட்டில் மிச்சமிருந்ததையும் வாங்கிக்கொள்கிற வேலை அது.

சரி, மனவலிமைக்கு எல்லை உண்டா? உண்டு, அதை மனிதர்கள் போர்க்களத்தில் பெரிய விலை கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போரில் காயமே இல்லாமல் நடுங்கியும் பேச்சிழந்தும் போன வீரர்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915-ல் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரில் எழுதினார். குண்டு வெடிப்பின் அதிர்வு மூளையைத் தாக்கியிருக்கும் என்றார்கள், பிறகு குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் வந்ததைப் பார்த்து, பயந்தாங்கொள்ளிகள், நடிக்கிறார்கள் என்றார்கள். பணியிடத்தை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் படை வீரர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு வருடம் கழித்து. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-ல், ஆப்பெல், பீபி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காலாட்படையினரின் பதிவுகளைப் பார்த்து, மொத்தம் 200 முதல் 240 நாட்கள் நேரடிச் சண்டையில் இருந்தால் சராசரி வீரர் தேய்ந்து செயலிழந்துவிடுகிறார் என்று எழுதினார்கள். யார் என்பதைவிட எவ்வளவு என்பது பெரிய விஷயம். மேலே கேட்ட இரண்டு பேரின் கதைக்கும் இது பொருந்தும். ஒரே விபத்து என்று வெளியே இருப்பவர் சொல்கிறார், ஆனால் ஒருவர் மயங்கிக் கிடந்திருப்பார், இன்னொருவர் பக்கத்தில் இருந்தவர் உயிர் போவதைக் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார். அது ஒரே விபத்து கிடையாது.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்) என்ற நோய்ப்பெயர் சேர்ந்தது, அதில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. அதன் அறிகுறிகள் இவை: சம்பவம் முடிந்தபின்னும் அது கண்முன் திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்ப்பது, எப்போதும் உஷாராகவே இருப்பது, உணர்ச்சி மரத்துப்போவது, தன்மீதும் உலகத்தின்மீதும் கசப்பு. முக்கியமாக ஒன்று: இவையெல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கு வேண்டுமானாலும் வரும், அது நோயே இல்லை. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வாழ்க்கையை முடக்கினால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட பேரதிர்ச்சிச் சம்பவத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களில் பி.டி.எஸ்.டி வரை போகிறவர்கள் 5.6 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாலியல் வன்முறை, போர் போன்றவற்றில் இந்த விகிதம் மிக அதிகம், ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள்.

இதை ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-லிருந்தே அழுத்திச் சொல்லிவருகிறார். இழப்புக்கும் அதிர்ச்சிக்கும் பிறகு நிலைகுலையாமல் நடமாடுவது அபூர்வ குணம் இல்லை, மிகச் சாதாரணமாக, பெரும்பான்மையாகக் காணப்படுகிற பாதை அதுதான் என்பது அவர் வாதம். அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது, யார் அந்தப் பாதையில் போவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று அவரே சொல்வது. குணம், பணம், உறவு, முந்தைய அனுபவம், அப்போதைய சூழ்நிலை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் பங்களிக்கிறது, தனியாக எதுவும் தீர்மானிப்பதில்லை. ஆகவே ஒருவர் எழுந்துவிட்டதைப் பார்த்து 'அவருக்கு மனவலிமை இருந்தது' என்பது பல நேரம் நடந்து முடிந்தபின் ஒட்டுகிற லேபிள்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், பி.டி.எஸ்.டி-யில் மூளை செய்வது கிட்டத்தட்ட அதுதான். சாதாரண நினைவு 'இது அப்போது, அந்த இடத்தில் நடந்து முடிந்தது' என்ற தேதியோடும் இடத்தோடும் பதிகிறது, அதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. உச்சக்கட்டப் பயத்தில் அந்தப் பதிவு சிதறுகிறது என்பது பரவலாக ஏற்கப்படுகிற விளக்கம். வாசனையும் சத்தமும் ஒளியும் துண்டு துண்டாக, தேதியே இல்லாமல் தங்கிவிடுகின்றன. அதனால் பெட்ரோல் வாசனை வந்தால் அந்த விபத்து நினைவுக்கு வருவதில்லை, அந்த விபத்தே மறுபடி நடக்கிறது. உடம்பு அப்படித்தான் நம்புகிறது.

நம்புகிற உடம்பு என்ன செய்யும்? தவிர்க்கும். அந்தச் சாலையில் போகாது, அந்தச் சட்டையைப் போடாது, அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடும். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதிதான் பொறி. தவிர்த்ததால்தான் தப்பித்தேன் என்று மூளை குறித்துக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தவிர்க்கச் சொல்கிறது. சாலையில் தொடங்கியது பேருந்துக்கும், கூட்டத்துக்கும், கடைசியில் வாசலுக்கும் வந்து நிற்கும். இங்கேதான் 'மனவலிமை' பற்றிய தப்பான எண்ணம் நேரடியாகத் தீங்கு செய்கிறது. அழவில்லை, பேசவில்லை, வேலையில் மூழ்கிவிட்டார், 'எவ்வளவு திடமான ஆள்!' என்று சுற்றியிருப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அவர் செய்வது அதே தவிர்த்தல், கொஞ்சம் கௌரவமான வடிவத்தில். நினைப்பை அடக்குவது எவ்வளவு வீண் என்பதை டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் ஓர் எளிய பரிசோதனையில் காட்டினார். வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்ததும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக அது அவர்களை ஆக்கிரமித்தது. வெறும் கரடிக்கே இப்படி.

எல்லோரும் தவிர்ப்பதால் சேதமடைகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். சிலர் இயல்பாகவே அதிகம் பேசாதவர்கள், பேசாமலே தூங்குகிறார்கள், சிரிக்கிறார்கள், அந்தச் சாலையிலும் போகிறார்கள், அவர்களைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. இது ஏன் முக்கியம் என்றால், எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடந்தது. 1983-ல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை முன்வைத்தார்: சம்பவம் நடந்த ஓரிரு நாளில் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள் என்று முழுவதையும் பேச வைப்பது. அது வேகமாகப் பரவி, விபத்தில் சிக்கியவர்கள், காயம்பட்டவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே அமர்வில் செய்யத் தொடங்கினார்கள். 1997-ல் தீக்காயப்பட்டவர்களிடம் செய்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, இப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கும், பேச வைக்கப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் பி.டி.எஸ்.டி இருந்தது. முதல் குழுவினருக்குக் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமை என்ற குறை அந்த ஆய்வில் உண்டு, ஆனாலும் மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த, காக்ரன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பயன் இல்லை, இதைக் கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும் என்றே முடிவு சொன்னது. ஆகவே முதல் சில நாட்களில் 'மனசுவிட்டு எல்லாத்தையும் கொட்டிவிடு' என்று வற்புறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மிக எளிமையானது: சூழலைப் பாருங்கள், அவர் பேசினால் கேளுங்கள், தேவையானவற்றோடு இணைத்துவிடுங்கள். தண்ணீர், போர்வை, வீட்டாருக்கு ஒரு போன், அடுத்து என்ன நடக்கும் என்ற தகவல். அவ்வளவுதான்.

ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்தும் பிடி விடவில்லையென்றால்தான் நினைவுக்குள் போகிற சிகிச்சை வேண்டியிருக்கும், நான் முதலில் சொன்ன 'வேறு மாதிரி' மனவலிமை தேவைப்படுவதும் இங்கேதான். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையில் பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும், அதைப் பதிவுசெய்து வீட்டிலும் தினமும் கேட்க வேண்டும், தவிர்த்துவந்த இடங்களுக்குப் பட்டியல் போட்டு எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாகப் போய், பயம் தானாகத் தணியும் வரை அங்கேயே இருக்க வேண்டும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அல்லவா? முதல் சில அமர்வுகளில் அழுவார்கள், நடுங்குவார்கள், அன்றிரவு தூக்கம் கெடும். பார்க்கிற உறவினர் 'இதற்கு முன்பே நன்றாக இருந்தாரே, இப்போது மோசமாகிவிட்டாரே' என்று நிறுத்தச் சொல்வார். அழுதுகொண்டே அடுத்த வாரமும் வந்து உட்காருகிறவர்தான் என் கணக்கில் திடமான ஆள். திரும்பத் திரும்பச் சொல்லும்போது சிதறிக் கிடந்த துண்டுகளுக்குத் தேதியும் இடமும் கிடைக்கின்றன, 'இது நடந்து முடிந்தது' என்பதை உடம்பும் மெல்ல ஏற்றுக்கொள்கிறது. கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர் என்ற முறையும் பலன் தருகிறது. அதில் கண் அசைவுக்குத் தனியாக எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, நோயாளிக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பயத்தைவிடக் குற்றவுணர்வு அதிகம் வாட்டுகிறவர்களும் உண்டு. 'நான் அன்றைக்கு அவனைப் போகச் சொல்லாமல் இருந்திருந்தால்', 'எனக்கு மட்டும் ஏன் உயிர் மிச்சம்'. இப்படிப்பட்டவர்களுக்குப் பெட்ரீஷியா ரெசிக் என்ற உளவியலாளர் வகுத்த 12 அமர்வு முறை நன்றாகப் பொருந்தும். அங்கே 'உன்மேல் தப்பில்லை' என்று யாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அது அவர் ஏற்கெனவே நூறு பேரிடம் கேட்டுச் சலித்த வார்த்தை. பதிலாகக் கேள்வி கேட்பார்கள்: அன்று காலை உங்களுக்கு என்ன தெரியும்? இன்றைக்குத் தெரிவதில் எது அன்றைக்குத் தெரியாது? கெடுதல் நடக்கவேண்டும் என்று நினைத்துச் செய்தீர்களா, அல்லது அது முன்னறிய முடியாததா? முடிவு தெரிந்த பிறகு வருகிற அறிவை வைத்து, முடிவு தெரியாத தன்னைத் தண்டித்துக்கொண்டிருப்பது அவருக்கே மெல்லப் புலப்படும். இதை எழுத்தில் செய்ய வைப்பார்கள், வீட்டுப்பாடம் உண்டு.

அப்புறம் சுற்றியிருப்பவர்கள். கிறிஸ் ப்ரூயினும் சக ஆய்வாளர்களும் 2000-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, பி.டி.எஸ்.டி-க்கு இட்டுச் செல்லும் 14 காரணிகளை ஒப்பிட்டார்கள். வயது, கல்வி, முன்பு மனநலப் பிரச்சினை இருந்ததா என்பது போன்ற பழைய விஷயங்களைவிட, சம்பவத்தின் கடுமையும், பிறகு ஆதரவு கிடைக்காததும், அடுத்தடுத்து வந்த வாழ்க்கை நெருக்கடிகளும்தான் சற்று வலுவாக நின்றன. யோசித்துப் பாருங்கள், வேலை போனவர், வழக்குக்கு அலைபவர், தங்க இடமில்லாதவர் ஆகியோரிடம் போய் மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்வது எவ்வளவு அபத்தம். அவருக்கு ஒரு மாத வாடகையும் ஒரு நல்ல வழக்கறிஞரும் கிடைத்தால் அதுவே பாதி வைத்தியம். குழந்தைகள் விஷயத்திலும் இதேதான். எமி வெர்னர் என்ற உளவியலாளர், ஹவாயில் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, மனநோய், சிதைந்த குடும்பம் என்று பல ஆபத்துகளை ஒன்றாகச் சுமந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் திறமையான, அன்பான, நம்பிக்கையுள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் சில இயல்பான குணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. கூடவே, பெற்றோர் தவறியபோதும் தன்னை மதித்து உறுதியாக நின்ற ஒரு பெரியவர், பாட்டியோ ஆசிரியரோ யாரோ ஒருவர், இருந்திருக்கிறார்.

துன்பம் மனிதரைப் புடம் போடும் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெடெஸ்கி, கால்ஹூன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1990-களில் அதிர்ச்சிக்குப் பிறகான வளர்ச்சி என்ற கருத்தை முன்வைத்தார்கள். உறவுகளின் அருமை தெரிவது, முன்னுரிமைகள் மாறுவது, தன்னால் தாங்க முடியும் என்ற நம்பிக்கை, இவை பலருக்கு நிஜமாகவே வருகின்றன. ஆனால் அது வலி தீர்ந்ததற்கு அடையாளம் இல்லை, இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கும். அடுத்தவர் அதை எதிர்பார்க்கக் கூடாது. குழந்தையை இழந்த தாயிடம் 'இதனால் நீ இன்னும் வலுவாகிவிடுவாய்' என்பவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. தூக்கம் கெட்டால் மற்ற எல்லாம் கெடும், அதனால் எழும் நேரத்தை மட்டுமாவது ஒரே மாதிரி வையுங்கள். மது முதல் சில மணி நேரம் மரக்கவைக்கும், பிறகு தூக்கத்தையும் கனவையும் மோசமாக்கும். டயசெபம், அல்பிரசோலம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசெபைன் மாத்திரைகளை பி.டி.எஸ்.டி-க்குத் தர வேண்டாம் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். செர்ட்ரலின், பராக்சிட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உதவும், முழுப் பலன் தெரியச் சில வாரமாகும். கெட்ட கனவு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதன் முடிவை மாற்றி எழுதி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கிற பயிற்சி ஒன்று உண்டு, கேட்டால் விளையாட்டு போல இருக்கும், பலருக்கு வேலை செய்கிறது.

எப்போது உதவி தேட வேண்டும்? ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், வேலை, உறவு ஏதாவது ஒன்று முடங்கியிருந்தால் தேடுங்கள். உயிரை விடத் தோன்றினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசகரைப் பார்க்கும்போது தயங்காமல் கேளுங்கள்: அதிர்ச்சிக்கான சிகிச்சை முறை எதில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், எத்தனை அமர்வு ஆகும், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? வாரா வாரம் பொதுவாகப் பேசி அனுப்புவதுதான் திட்டம் என்றால் வேறொருவரைப் பாருங்கள். சிறுவயதிலிருந்து பல வருடம் தொடர்ந்த கொடுமை என்றால் இன்னும் நீண்ட சிகிச்சை தேவைப்படலாம், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ம் பதிப்பு அதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

குணமான பிறகும் சம்பவம் நடந்த தேதி வரும்போது, அல்லது அதே போன்ற ஒரு செய்தியைப் பார்க்கும்போது, பழைய அறிகுறிகள் சில நாள் தலைகாட்டும். எல்லாம் வீண், பழையபடி ஆகிவிட்டேன் என்று பலர் பதறுகிறார்கள். அந்த வாரத்தை முன்பே காலண்டரில் குறித்துவையுங்கள், பெரிய முடிவுகளை அதில் வைக்காதீர்கள், கூட இருக்க ஒருவரிடம் சொல்லிவையுங்கள், பயத்தில் ஏதாவது இடத்தை மறுபடி தவிர்க்கத் தொடங்கியிருந்தால் அந்த வாரம் முடிந்ததும் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் அடங்கவில்லையென்றால் பழைய ஆலோசகரிடம் ஓரிரு அமர்வு போதுமானதாக இருக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.